நாயைக் கட்டிப்போட்ட மாசி

அன்று சாமான் கொட்டகை முன்னால் இருந்தவர்கள் இவர்கள்தான்.

அப்பா. அவர் தோளில் ஒரு தகரப் பெட்டி.

அம்மா. பூவரசு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேஸ்திரி. கையில் கடப்பாரை.

செகரட்டரி ஐயா. அவருக்கு மட்டும் நாற்காலி.

அத்தை. அப்பாவின் தங்கை. கொஞ்சம் பிந்தி வந்தாள். பெட்டி அவளுடையது.

நாய். சங்கிலியில் கிடந்தது.

நான். நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். பாவாடை முழுக்க ஆயில் கறை.

வேறு யாரும் இல்லை. அதனால் அன்று நடந்ததை வேறு யாரும் சொல்ல முடியாது. சொன்னவர்கள் எல்லாம் கேள்விப்பட்டுச் சொன்னவர்கள்.

கொட்டகை கோல்ப் கிளப்புடையது. கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில், கடலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவே இருந்தது. என் வயசுக்காரர்கள், அந்தப் பக்கம் மாடு ஓட்டினவர்கள், சுள்ளி பொறுக்கினவர்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கம்பியில் சிவப்புத் துணி கட்டி ஒன்பது இடத்தில் நட்டிருப்பார்கள். பேய் ஓட்ட நட்டது என்று நம்மில் பாதிப்பேர் நினைத்தோம். அது குழிக்கு அடையாளம். வெள்ளைக்காரர்களும் மெட்ராஸ் ஐயாமார்களும் காரில் வந்து, கம்பியால் பந்தை அடித்து, பின்னாலேயே நடந்து, அந்தக் குழியில் போடுவார்கள். போட்டதும் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போவார்கள். எடுக்கப்போகிற பந்தை எதற்குப் போடுகிறார்கள் என்று அம்மா கடைசி வரை கேட்டாள்.

இன்றைக்கு அந்த இடத்தில் மதில் சுவர்கள்தான். கடல் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும்.

நாங்கள் கிளப் எல்லைக்குள்ளேயே இருந்தோம். இரண்டு அறை, ஓட்டு வீடு. வாசலில் குழாய். குழாய் இருந்த வீடு அந்தப் பக்கத்தில் எங்களுடையது ஒன்றுதான். அப்பா காவலும் பார்த்தார், தண்ணீரும் பாய்ச்சினார். அந்த வேலை போனால் வீடும் போகும். அதை அப்பா வாயால் சொன்னதில்லை. குழாயை மூடும்போது இரண்டு தரம் முறுக்குவார். அதில் தெரியும்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் வேலை மணலில். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

உப்பு மண்ணில் புல் நிற்காது. அதனால் குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதில் வட்டமாக மணல் போட்டிருப்பார்கள். லாரியில் இருந்து இறக்கின பழைய எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றிப் பிசைவார்கள். காற்றுக்குப் பறக்காது. பந்து நன்றாக உருளும். கருப்பாக, மொழுமொழுவென்று, வெயில் ஏற ஏற வாடை கிளம்பும். அந்த வாடை எங்கள் சோற்றில் இருந்தது, தலையணையில் இருந்தது. இன்றும் மெக்கானிக் ஷெட் தாண்டினால் எனக்கு அம்மா ஞாபகம்தான் வருகிறது.

அந்தக் கருப்பு மணலில் எது நடந்தாலும் தடம் விழும். காக்கா குதித்தாலும் விழும். காலையில் முதல் கார் வருவதற்குள் அத்தனை தடத்தையும் அழித்துவிட வேண்டும். ஒரு பலகை, அதன் அடியில் ஆணியடித்த கோணிச்சாக்கு, முன்னால் கயிறு. இழுவை என்போம். குழியில் தொடங்கி, வட்டம் வட்டமாக, வெளியே வரை இழுத்துக்கொண்டு வர வேண்டும். கடைசியில் உங்கள் காலடியும் இருக்கக்கூடாது. அத்தை இழுத்தால் கிராமபோன் தட்டு மாதிரி இருக்கும். அம்மா இழுத்தால் கொஞ்சம் கோணும்.

ஒரு தடம் மிஞ்சினாலும் மேஸ்திரி கத்துவார். அதனால் மிஞ்சாது. அந்த வருஷம் முழுக்க எந்த ராத்திரி யார் நடந்தார்கள் என்று எழுதியிருந்த மணலை, சூரியன் வருவதற்குள் எங்கள் வீட்டுப் பெண்களே அழித்தார்கள். வேலையைச் சுத்தமாகச் செய்தார்கள். அதுதான் நடந்தது.

செகரட்டரி ஐயா அந்த வருஷம்தான் கிளப்பிலேயே தங்க ஆரம்பித்தார். பட்டாளத்தில் இருந்தவர். சாயங்காலம் ஒரு கூடைப் பந்தை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் குழி பக்கத்து மைதானத்தில் நிற்பார். தாழம்புதர் மேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக அடிப்பார். பந்து தெரிகிறவரை அடிப்பார். இருட்டில் தேடினால் மிதித்துப் புதைத்துவிடுவோம் என்று, காலையில்தான் பொறுக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். பொறுக்குவது அத்தை. கூடையோடு கொட்டகைக்குக் கொண்டுபோவாள். மேஸ்திரி எண்ணி வாங்குவார்.

சீமைப் பந்து. இங்கே கிடைக்காது. யாராவது கப்பலில் வந்தால் கொண்டுவர வேண்டும். வெள்ளைத் தோலில் குழி குழியாக இருக்கும். தோல் கிழிந்த பந்து ஒன்றைச் செகரட்டரி ஐயா ஒரு தடவை எங்களுக்குத் தூக்கிப் போட்டார். உள்ளே முழுக்க ரப்பர் நூல். பிரிக்கப் பிரிக்க வந்தது. வாசல் கம்பத்தில் இருந்து குழாய் வரை, குழாயில் இருந்து பூவரசு வரை சுற்றியும் மீதி இருந்தது. அத்தையும் நானும் அன்று சிரித்த சிரிப்புக்கு அம்மா திட்டினாள்.

தை முடிகிற சமயம் பந்து குறைய ஆரம்பித்தது.

முதல் சந்தேகம் நாய் மேல். செவலை நாய். ராத்திரி முழுக்க அவிழ்ந்து திரியும். அதற்குச் செருப்புக் கடிக்கிற பழக்கம் உண்டு. செருப்புக் கடிக்கிற நாய் பந்து கடிக்காதா என்றார் மேஸ்திரி. கொட்டகைத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். நாய் இரண்டு ராத்திரி ஊளையிட்டது. அப்புறம் பழகிவிட்டது.

நாயைக் கட்டின பிறகு பந்து இன்னும் அதிகமாகக் குறைந்தது.

"அண்ணாத்த, நாய கட்டியாச்சு," என்றார் மேஸ்திரி. "இப்ப எவன் மேல பழி போடுவ?"

"எம் மேல போடு," என்றார் அப்பா.

"போடத்தான் போறாங்க. நீதான ராவுல சுத்திகினு கீற."

அன்றிலிருந்து மேஸ்திரியை அப்பா கவனிக்க ஆரம்பித்தார். மேஸ்திரியின் சைக்கிள் பையை, டிபன் கேரியரை. மேஸ்திரி அப்பாவைக் கவனித்தார். அம்மா குப்பத்து ஆட்களைச் சந்தேகப்பட்டாள். அவர்கள் வலையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போகிற வழியில் அப்பாவும் மேஸ்திரியும் முள் வெட்டிப் போட்டார்கள். குப்பத்துப் பெரியவர் ஒருத்தர் வந்து அந்த முள்ளைக் காலால் தள்ளிவிட்டு, "உங்க கோலி உருண்டை யாருக்குடா வோணும்? கொயம்பு வெக்க ஆவுமா அது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கேட்டது சரி. ஆனால் சரியாகப் பேசுகிறவன்தான் எடுத்திருப்பான் என்றார் மேஸ்திரி.

சாப்பிடும்போது பேச்சு நின்றது. சோற்றுச் சட்டியைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து நாலு பக்கம் பார்த்தோம். யாராவது எழுந்து வெளியே போனால் மற்றவர்கள் கதவைப் பார்ப்பார்கள்.

ஒரு காலை நான் அம்மாவோடு ஒன்பதாம் குழிக்குப் போனேன். பனி விலகவில்லை. கருப்பு மணலில் குறுக்கே தடம் ஓடியிருந்தது. நாலு விரல், முன்னால் நகக் கீறல்.

"ம்மா, நாய் கால்."

"போடி. நாயிதான் கட்டிப் போட்டு கீதே."

"இங்க பாரும்மா."

"கார் வந்துரும், தள்ளு."

இழுவை அதன் மேல் போனது. அவ்வளவுதான்.

தோப்பில் நரி உண்டு. எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் ஊளை கேட்கும். ஆமை கரையேறி முட்டை இடுகிற மாதங்களில் நிறைய வரும். முட்டையைத் தோண்டித் தின்னும். நரி முட்டை தின்னும் என்று தெரியும். பந்தை முட்டை என்று நினைக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாய் அவிழ்ந்து திரிந்தவரை அது மைதானத்துக்குள் வராமல், மேட்டோரம் விழுந்ததை மட்டும் எடுத்தது என்பதும் தோன்றவில்லை. இதையெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. யாரும் வரமாட்டார்கள். அன்றைக்கு அத்தை கோல்ப் ஆடுவாள்.

தலை உடைந்து ஐயாமார்கள் தூக்கிப் போட்ட பந்தடிக்கிற கம்பி ஒன்றைச் செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டி வைத்திருந்தாள். பந்துக்குப் புன்னைக்காய். உருண்டையாக, பச்சையாக, கையில் கனமாக இருக்கும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலை அகட்டி, ஐயாமார்கள் நிற்கிற மாதிரியே நிற்பாள். ஆனால் அவர்களைப் போல இடுப்பை ஆட்டிக்கொண்டு நேரம் போக்க மாட்டாள். பார்ப்பாள், அடிப்பாள்.

"கண்ண காய் மேல வையி. காய் எங்க போவுதுன்னு பாக்காத."

"போச்சா அத்த?"

"போய்கினே கீது."

கடல் காற்று எதிரே அடிக்கும். புன்னைக்காய் அந்தக் காற்றில் வளைந்து, சவுக்கு நிழல் தாண்டி விழும். நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். கருப்பு மணலில் அவள் கடைசியாகத் தட்டுகிற தட்டு இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடிக்கும். அந்த மணலைத் தினம் இழுத்தவள் அவள். எங்கே மேடு, எங்கே சரிவு என்று காலுக்குத் தெரியும். காய் சுற்றிப் போய் டொக்கென்று குழியில் விழும். அத்தை சிரிக்கமாட்டாள். எடுத்துத் துடைத்து இடுப்பில் செருகிக்கொள்வாள்.

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு இருக்கும். மதுராந்தகம் பக்கம் கட்டிக்கொடுத்து, புருஷன் வேறு ஒருத்தியோடு போய், பெட்டியோடு திரும்பி வந்தவள். அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை மேஸ்திரி சைக்கிளில் வந்துவிட்டார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

"இன்னாமே, துரைசானி ஆயிட்டியா?"

"நீ ஒரு பந்து எடுத்துக் குடு மேஸ்திரி," என்றாள் அத்தை. "ஆயிக் காட்டறேன்."

மேஸ்திரியும் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி அப்பாவிடம் மேஸ்திரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா வீட்டுக்கு வந்து அத்தையின் கையைப் பார்த்தார். உள்ளங்கையில் காய்ப்பு.

"இது இழுவ இழுத்த கையா?"

"வேற எந்தக் கை?"

"எங்க கத்துகின அந்த ஆட்டம்?"

"கண்ணு கீது. பாத்தேன்."

அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சு முடிந்திருக்கும். கேட்காமல் வைத்துக்கொண்டார்.

அத்தையின் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீலத் தகரப் பெட்டி. மூடியில் ரோஜாப்பூ வரைந்திருக்கும். சின்னப் பூட்டு. சாவி அவள் தாலி இருந்த கயிற்றில், ரவிக்கைக்குள். முன்பெல்லாம் பூட்டமாட்டாள். அந்த மாசியில் பூட்ட ஆரம்பித்தாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். விடியுமுன் அவள் கரைப்பக்கமாகச் சுற்றித்தான் வேலைக்கு வருவாள். சில நாள் என்னையும் கூட்டிப்போவாள். ஆமை ஏறி இறங்கின தடம் லாரி டயர் போன மாதிரி இருக்கும். அது முடிகிற இடத்தில் குச்சியால் குத்திப் பார்ப்பாள். பொதபொதவென்று இறங்கினால் அங்கே தோண்டுவாள். கை முழங்கை வரை போகும். வெள்ளை வெள்ளையாக, உருண்டையாக, ஈரமாக முட்டை. நாலைந்து எடுத்துக்கொண்டு மீதியை மூடிவிடுவாள். திங்கட்கிழமை தோப்புக்குள் டால்டா டின்னில் கடல் தண்ணீர் ஊற்றி வேகவைப்போம். எவ்வளவு வெந்தாலும் வெள்ளை இறுகாது. ஓரத்தில் கிள்ளி உறிஞ்ச வேண்டும். மணலும் மீனெண்ணெயும் கலந்த ருசி. எனக்கு ஒன்று போதும். அத்தைக்குப் பிடிக்கும். வேறு காரணம் எதுவும் இல்லை, பிடிக்கும்.

எங்கள் வீட்டில் ஆமை என்ற பேச்சே எடுக்கக்கூடாது. ஆமை நுழைந்தால் குடி கெட்டுப்போகும் என்பாள் அம்மா. ஒரு தடவை குப்பத்துப் பிள்ளை ஆமை ஓட்டை விளையாட்டுக்கு எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனான். அம்மா வாசலைச் சாணி போட்டு மெழுகி, கற்பூரம் ஏற்றி, அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதனால்தான் பூட்டு.

ஒரு காலை அம்மா என்னைக் கேட்டாள். அத்தை மணலில் இருந்தாள். அப்பா வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"உங்கத்த பெட்டிக்குள்ள இன்னாடி வெச்சிருக்கா?"

"முட்ட."

"கோயி முட்டயா?"

"இல்ல. உருண்டையா இருக்கும். வெள்ளையா. துணியில சுத்தி வெச்சிருக்கா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பீடியைக் கீழே வைத்தார்.

"புள்ளைகிட்ட முட்டைன்னு சொல்லி வெச்சிருக்கா," என்றாள் அம்மா.

மெத்தென்று இருந்ததா, கல் மாதிரி இருந்ததா என்று ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்குள், தலைமாட்டில், ஒருத்தி ஆமை முட்டை கொண்டுவந்து வைப்பாள் என்று அவர்களால் நினைக்க முடியவில்லை. கூடப் பிறந்தவள் திருடி என்று நினைக்க முடிந்தது.

"அவங்களா வந்து கண்டுபுடிச்சா எல்லாரையும் தொரத்திடுவாங்க," என்றார் அப்பா. "நம்மளே குடுத்துட்டா வூடாவது மிஞ்சும்."

பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். அம்மா பின்னால். நான் அம்மாவுக்குப் பின்னால்.

இப்போது கொட்டகை முன்னால் வந்துவிட்டோம்.

அத்தை ஒன்பதாம் குழியில் இருந்து பார்த்துவிட்டு ஓடி வந்தாள். இழுவைக் கயிறு கையிலேயே இருந்தது. பலகை பின்னால் தரையில் இழுபட்டு வந்தது.

"அண்ணா, அது என் பெட்டி."

"சாவிய குடு."

"என்னாத்துக்கு?"

"குடும்மே."

அத்தை செகரட்டரி ஐயாவைப் பார்த்தாள். மேஸ்திரியைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவிடம் சொன்னாள்.

"வூட்ல கேட்டிருந்தா குடுத்திருப்பேன். இவங்க எதிர்ல கேக்கற. குடுக்கமாட்டேன்."

மேஸ்திரி கடப்பாரை முனையைக் கொடுத்து நெம்பினார். பூட்டு நிற்க, மூடி கிழிந்தது. ரோஜாப்பூ நடுவில் மடங்கியது.

ஒரு கல்யாணச் சேலை. கண்ணாடி. சீப்பு. முருகர் படம். ஒரு புன்னைக்காய், காய்ந்தது. துணி மூட்டை.

மூட்டையை அப்பாதான் அவிழ்த்தார். ஒன்றை எடுத்து செகரட்டரி ஐயாவிடம் நீட்டினார். நீட்டும்போது கட்டைவிரல் அழுந்தி, உள்ளே போய்விட்டது. மஞ்சளாக மணிக்கட்டு வரை வழிந்தது.

"ஐயையோ, ஆம முட்ட!" என்று அம்மா கத்தினாள். "என் வூட்டுக்குள்ளயா வெச்சிருந்த பாவி! என் வூட்டுக்குள்ளயா!"

செகரட்டரி ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் சிரித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி. பந்து எங்கே?"

"நான் எடுக்கல," என்றாள் அத்தை.

"நாற்பத்திரண்டு பந்து. காற்றா அடித்துக்கொண்டு போச்சு?"

"பந்து எடுத்துக் குடு, துரைசானி ஆவறேன்னு எங்கிட்டயே கேட்டா சார்," என்றார் மேஸ்திரி. "வெளயாட்டுக்குன்னு நெனச்சேன்."

"ஆமை முட்டையைத் திருடிப் பூட்டி வைக்கிறவள் பந்தைத் திருடமாட்டாளா? எங்கே விற்றாள் என்று மாமல்லபுரத்துக் கடையில் விசாரித்தால் தெரிந்துவிடும்," என்றார் செகரட்டரி ஐயா.

விசாரித்தார்களா என்று தெரியவில்லை. விசாரித்ததாக யாரும் சொல்லவில்லை.

அத்தை அப்பா பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"நீ சொல்லுண்ணா. நான் எடுக்கலன்னு சொல்லு."

அப்பா குனிந்து மண்ணை அள்ளிக் கையில் தேய்த்துக்கொண்டிருந்தார். முட்டைப் பிசுக்கு மண்ணால் போகாது. தேய்த்துக்கொண்டே இருந்தார்.

நாளையிலிருந்து அவள் வர வேண்டாம், எல்லைக்குள்ளும் இருக்க வேண்டாம் என்றார் செகரட்டரி ஐயா. உனக்கு வேலை இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னார்.

மூடி நிற்காத பெட்டியை அத்தை இழுவைக் கயிற்றால் கட்டினாள். "அது கிளப் கவுறு," என்றார் மேஸ்திரி. அவிழ்த்துக் கீழே போட்டாள். கல்யாணச் சேலையை வெளியே எடுத்து, முறுக்கி, அதனால் கட்டினாள். தலையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள். நான் கொஞ்ச தூரம் போனேன். "வூட்டுக்குப் போ," என்றாள். போனேன்.

அன்று மத்தியானமே நாயை அவிழ்த்துவிட்டார்கள். திருடி போய்விட்டாள், நாய்க்கு எதற்குச் சங்கிலி என்றார் மேஸ்திரி. நாய் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

அதற்கப்புறம் ஒரு பந்துகூடக் குறையவில்லை.

"பாத்தியா?" என்றாள் அம்மா. அப்பா சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அவள் எடுத்திருக்கமாட்டாள் என்று அவர் மனசில் ஒரு மூலை நினைத்திருந்தால், அந்த வாரம் அதையும் மூடிவிட்டது. நானும் சாப்பிட்டேன். கருப்பு மணலை அப்புறம் அம்மா தனியாக இழுத்தாள். கோணலாகத்தான் இருந்தது. யாரும் கத்தவில்லை.

அத்தை சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போனாள். முதலில் அரிசி மில்லில் இருந்தாள். அப்புறம் ரயில்வே கேட் பக்கம் இட்லிக் கடை போட்டாள். கம்பெனிகள் வந்த பிறகு ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு அவள் கடையில்தான் நாஸ்தா. என் கல்யாணத்துக்கு ஒரு பித்தளைக் குடம் கொடுத்தனுப்பினாள். வரவில்லை. அம்மா செத்தபோது வந்தாள். ரோட்டிலேயே நின்று மாலையைக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்பா அவள் கடைக்கு ஒரு தடவை போயிருக்கிறார். உட்கார வைத்தாள். டீ கொடுத்தாள். டீக்குக் காசு வாங்கிக்கொண்டாள்.

கிளப் எப்போதோ மூடிவிட்டது. நிலம் கை மாறியது, திரும்பக் கை மாறியது. என் மகன் ஜேசிபி ஓட்டுகிறான். போன ஆடியில் அங்கே ஒரு விடுதிக்கு செப்டிக் டேங்க் தோண்டக் கூப்பிட்டார்கள். காலையில் போன் செய்தான்.

"ம்மா, இங்க மேட்டத் தோண்டினா முட்ட முட்டயா வருது. வந்து பாரு."

"எங்க?"

"தாழம்பொதரு இருந்திச்சே, அங்க."

போனேன். தாழை வேர்களுக்கு அடியில் ஒரு வளை. ஜேசிபி வாளி பாதியை வழித்துவிட்டது. நண்டு ஓடு, மீன் முள், ஏதோ குட்டியின் மண்டை ஓடு. நடுவில் பந்து. பழுத்த பல் மாதிரி மஞ்சளாக, தோல் வெடித்து, அங்கங்கே பல் தடத்தோடு. ஒரு பக்கம் கொத்தாக ரப்பர் நூல். மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. தொட்டேன், பொடிந்தது.

கடைசியில் முட்டை என்று நினைத்து எடுத்துப்போனது நரி. பந்து என்று நினைத்து எடுத்துப்போனது அப்பா.

அத்தைக்குப் போன் செய்தேன். வரமாட்டாள் என்று நினைத்தேன். செங்கல்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் மாறி, மத்தியானத்துக்குள் வந்துவிட்டாள். குடையோடு வந்தாள். அப்பாவை மகன் பைக்கில் உட்கார வைத்துக் கொண்டுவந்திருந்தான். எண்பது தாண்டிவிட்டது அவருக்கு. காது மந்தம். கண் பரவாயில்லை.

அத்தை குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நரி வூடு நம்ம வூட்ட வுட பெருசா கீதே," என்றாள்.

மகன் சிரித்தான். அப்பாவுக்குக் கேட்டதா தெரியவில்லை.

"நரியா?" என்று என்னைக் கேட்டார்.

"நரிதாம்பா."

"நாய் இருந்திச்சே."

"கட்டிப் போட்டோம்பா."

அப்பா யோசித்தார். அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. ஒவ்வொன்றாக அடுக்குகிறார் என்று தெரிந்தது. நாய், சங்கிலி, மணல், இழுவை. எல்லாம் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலடியில் ஒரு பந்து கிடந்தது. அத்தை குடையைத் திருப்பிப் பிடித்தாள். காலை லேசாக அகட்டினாள். பிடி வளைவால் ஒரு தட்டு. பந்து மண் மேட்டைச் சுற்றி, சரிவில் இறங்கி, அப்பாவின் பாதத்தில் வந்து நின்றது.

அப்பா குனிந்து அதை எடுத்தார். மண்ணைத் துடைத்தார். பக்கத்தில் இருந்த சிமெண்ட் சட்டியை இழுத்து அதில் போட்டார். அப்புறம் கீழே உட்கார்ந்துவிட்டார். வளையில் இருந்து அடுத்ததை எடுத்தார். துடைத்தார். போட்டார். உதடு அசைந்தது.

"தாத்தா, இன்னா பண்ற? எண்றியா?" என்றான் மகன்.

அவர் நிறுத்தவில்லை. வேரை விலக்கிக் கைவிட்டுப் பார்த்தார். மண்ணைக் கிளறிப் பார்த்தார். வெயில் ஏறியது. ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை. மகன் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றான்.

சட்டி நிறைந்தது. அப்பா அதைத் தரையில் கொட்டினார். முதலில் இருந்து எண்ணினார்.

"அந்த ரப்பரும் ஒரு பந்துதாம்பா," என்றேன். "நரி கடிச்சிப் பிரிச்சிப் போட்டிருக்கு."

அப்பா அந்த நூலைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அத்தை குடையை மடக்கினாள். அவர் எதிரே வந்து நின்றாள். காது கேட்கட்டும் என்று குனிந்து சொன்னாள்.

"இப்பவாச்சும் சொல்லுண்ணா."

அப்பா கடைசிப் பந்தைச் சட்டிக்குள் வைத்தார். அத்தையை நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார்.

"நாப்பத்தொண்ணு."